இரண்டு உயர்ரக சிடி பிளேயர்களை வீட்டிலேயே ஒப்பிட்டுக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் ஒரு சிடி பிளேயரை வாங்குவதற்கு முன், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்கெனவே இருக்கும் பிளேயரோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். சரியான எண்ணம்தான். ஆனால் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, மாற்றி மாற்றி நாலு பாட்டு கேட்டுவிட்டு முடிவெடுத்தவர்கள் பலரும் ஆறு மாதம் கழித்து வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காதில் குறை இல்லை. செய்த வரிசையில்தான் பிழை.

சென்னை பெரம்பூரில் என் வீட்டு ஹாலில் இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கிறேன். கொளத்தூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று சுற்றுவட்டத்து நண்பர்கள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கெல்லாம் கொஞ்சம் நின்று எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முன்னால் உள்ள படி சரியாக இல்லையென்றால் பின்னால் உள்ளது எதுவும் செல்லாது.

1. எதை ஒப்பிடுகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

சிடி பிளேயர் என்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கருவிகள். டிஸ்க்கைச் சுழற்றி எண்களைப் படிப்பது டிரான்ஸ்போர்ட். அந்த எண்களை மின் அலையாக மாற்றி வெளியே அனுப்புவது டாக்கும் அதன் பின்னால் உள்ள அனலாக் பகுதியும். சில பெட்டிகளில் ஒரு பாதிதான் இருக்கும். கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி மாதிரியான கருவி வெறும் டிரான்ஸ்போர்ட். தனியாக டாக் இல்லாமல் அதிலிருந்து பாட்டு வராது.

அதனால் "இந்தப் பிளேயர் முழுதாக என் பிளேயரைவிட நன்றாக ஒலிக்கிறதா", "இதன் டாக் மட்டும் நன்றாக இருக்கிறதா", "எஸ்ஏசிடி (சிடியைவிட நுணுக்கமாகப் பதியப்படும் டிஸ்க் வகை) வசதிக்காகப் பணம் கொடுக்கலாமா" என்ற மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒரு நாளில் ஒன்றுக்குத்தான் விடை கிடைக்கும். எந்தக் கேள்வி என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பிளேயர்கள், ஒரே நீளத்தில் ஒரே வகையான இரண்டு ஜோடி கேபிள்கள், குறைந்தது இரண்டு லைன் இன்புட் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், அதற்கு ரிமோட். இவை எல்லோரிடமும் இருக்கும். பெரும்பாலும் இல்லாமல் போவது பின்வருபவை.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மலிவான மீட்டர்களில் ஏசி வோல்டேஜுக்கு 200, 600 என்ற இரண்டு அளவுகள் மட்டும் இருக்கும். அவை வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே காட்டாது. நமக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு தெரிய வேண்டும். ஏசியில் 2 வோல்ட் அல்லது 4 வோல்ட் அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

அங்கேயே 10 கிலோ ஓம் மல்டி-டர்ன் ட்ரிம்பாட் (பல சுற்று ஸ்க்ரூவால் திருப்பும் சிறு வால்யூம் கன்ட்ரோல்) நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்று ஏழாவது படியில் சொல்கிறேன். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால், உங்கள் ஏரியாவில் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

அப்புறம் காலி சிடி-ஆர் நான்கைந்து, ஒரு நோட்டு, ஒரு நாணயம், இரண்டு பிளேயரையும் மறைக்கும் அளவுக்கு ஒரு துணி, பொறுமையான ஒரு ஆள். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம்.

3. பிளேயர் வந்ததும் உடனே சொருகாதீர்கள்

முதலில் பின்பக்க லேபிளைப் படியுங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான பழைய பிளேயர்கள் இங்கே நிறைய கைமாறுகின்றன. அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் அந்த நொடியே உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும். அப்படிப்பட்ட பிளேயருக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிடி பிளேயர் சில பத்து வாட்தான் எடுக்கும் என்பதால் 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாகப் போதும். லேபிளில் உள்ள வாட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஈரம். ஏசி ஓடும் அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்துவந்த பிளேயரை நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்ததும் லேசர் லென்ஸில் பனி படியும். டிஸ்க் படிக்காது, அல்லது இடையில் தாவும். "பிளேயர் கோளாறு" என்று அப்போதே திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. டிஸ்க் போடாமல் ஆன் செய்து இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். லென்ஸும் காயும், உள்ளே உள்ள சர்க்யூட்டும் நிலையான சூட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவது, உப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு தடவை தண்டையார்பேட்டை நண்பரின் பிளேயரில் இடது பக்கம் குரல் மெலிந்து, கொஞ்சம் கரகரப்போடு வந்தது. டாக் போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தார். பின்னால் இருந்த ஆர்சிஏ சாக்கெட்டில் (சாதாரண ஆடியோ கேபிள் சொருகும் வட்டச் சாக்கெட்) ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியை நுழைத்துத் திருப்பினேன். பஞ்சு பச்சையும் கறுப்புமாக வெளியே வந்தது. மூன்று குச்சி ஆனதும் நான்காவது வெள்ளையாகவே வந்தது, இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பிளேயர்களின் சாக்கெட், எல்லாக் கேபிள்களின் பிளக், ஆம்ப்ளிஃபயரின் இன்புட் எல்லாவற்றையும் பவரை நிறுத்திவிட்டு இப்படித் துடைத்துவிடுங்கள். அழுக்கு சாக்கெட்டோடு ஒரு பிளேயரும் சுத்தமான சாக்கெட்டோடு இன்னொன்றும் போட்டியிட்டால் அது நியாயம் இல்லை.

4. அறை, நேரம், நாற்காலி

எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கூட்ஸ் வண்டி போகும்போது காதுக்குத் தெரியும் சத்தத்தைவிடத் தரை வழியாக வரும் அதிர்வு அதிகம், அது பாஸை (தாழ்ந்த ஒலிகளை) அப்படியே விழுங்கிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்டெய்னர் லாரி இதே வேலையைச் செய்யும். ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை எனக்குச் சரிப்படுகிறது. உங்கள் தெருவுக்கு எது அமைதியான நேரம் என்று ஒரு வாரம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது ஃபேனும் ஏசியும் நிற்க வேண்டும். பாட்டு தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் நல்ல பிளேயர்களுக்குள் வித்தியாசம் இருந்தால் தெரியும். ஃபேன் சத்தம் அந்த இடத்தைத்தான் மூடுகிறது. மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியைத் தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். ஒரு இடத்தில் பாஸ் குமுறும், ஓரடி தள்ளினால் குறைந்துவிடும். தலையை முன்னால் சாய்த்துக் கேட்டதையும் பின்னால் சாய்த்துக் கேட்டதையும் இரண்டு பிளேயர்களின் வித்தியாசம் என்று எழுதிவைத்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எந்த இரண்டு நல்ல பிளேயர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட அந்த ஓரடியின் வேறுபாடு பெரியது.

5. இணைப்பு

இரண்டு பிளேயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சோதனையை நிறுத்திவிடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கும் உறுமல் எல்லாவற்றையும் கெடுக்கும்.

இரண்டுக்கும் ஆர்சிஏ, அல்லது இரண்டுக்கும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள பிளக்). கலக்கக் கூடாது. ஆர்சிஏவில் உச்ச ஒலிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வரும் என்றால் எக்ஸ்எல்ஆரில் பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்கு வரும். 6 டெசிபல் கூடுதல். யார் கேட்டாலும் எக்ஸ்எல்ஆரில் சொருகியதுதான் ஜெயிக்கும்.

ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரில்) செய்கிறீர்களா? ஒரு எச்சரிக்கை. பல ரிசீவர்கள் அனலாக் இன்புட்டில் வருவதை மறுபடி டிஜிட்டலாக மாற்றி, தங்கள் டாக் வழியாகத்தான் வெளியே விடும். அப்படியானால் இரண்டு பிளேயரையும் நீங்கள் அந்த ரிசீவரின் காது வழியாகக் கேட்கிறீர்கள். டைரக்ட் அல்லது ப்யூர் டைரக்ட் பட்டனை அழுத்தி வையுங்கள்.

பிளேயரைச் சொருகியதும் பாட்டு போடாமல் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். உறுமல் வந்தால் முதலில் செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றுங்கள். கேபிள் டிவி லைன் வழியாக வரும் இன்னொரு எர்த்தான் பல வீடுகளில் காரணம். உறுமலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. உயிர் விஷயம், செய்யவே கூடாது.

6. மெனுவைச் சுத்தம் செய்யுங்கள்

உயர்ரக பிளேயர்களில் டிஜிட்டல் ஃபில்டர் தேர்வு இருக்கும். ஷார்ப், ஸ்லோ என்று பெயர்கள். ஸ்லோ ஃபில்டரில் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் சரியத் தொடங்கும். இரண்டு பிளேயரிலும் ஷார்ப் வைத்துத் தொடங்குங்கள். ஃபில்டரை மாற்றிக் கேட்பதைத் தனிச் சோதனையாகப் பிறகு செய்யலாம்.

ஆம்ப்ளிஃபயரில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் சுழியம். பிளேயரில் வால்யூம் வசதி இருந்தால் அதை முழு அளவில் அல்லது ஃபிக்ஸட் என்று வையுங்கள். வைத்ததை நோட்டில் எழுதுங்கள். இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் போதும்.

7. ஒலி அளவைச் சமன் செய்தல்

முழு வேலையின் உயிர் இதில் இருக்கிறது.

மனிதக் காதுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே பாட்டை ஒரு துளி கூடுதல் சத்தத்தில் கேட்டால் "சத்தம் கூடுதல்" என்று தோன்றாது. "குரல் தெளிவாக இருக்கிறது", "பாஸ் இறுக்கமாக இருக்கிறது", "மேடை அகலமாக இருக்கிறது" என்று தோன்றும். அரை டெசிபல் வித்தியாசம் இதற்குப் போதும். சிடி பிளேயர்களின் அவுட்புட் ஒரே அளவில் வருவதில்லை. 2 வோல்ட் என்பது பொது வழக்கம், 2.2, 2.5 என்று வைப்பவர்களும் உண்டு. 2 வோல்ட்டுக்கும் 2.3 வோல்ட்டுக்கும் இடையே 1.2 டெசிபல்.

கொடுங்கையூர் நண்பர் ஒருவர் புதிதாக வாங்க நினைத்த பிளேயரோடு வந்திருந்தார். நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து கேட்டோம். நான்கு பேரும் புதியதுதான் மேல் என்றோம். "மிருதங்கத்தோட தொப்பி நெஞ்சுல வந்து விழுது" என்று அவர் சொன்னார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு மீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்தோம். பழையது 1.000 வோல்ட், புதியது 1.151 வோல்ட். சமன் செய்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் பதினாறு முறை கேட்டார். ஒன்பது முறை சரி. நாணயத்தைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

செய்யும் முறை இது. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை இரண்டு நிமிடத்துக்கு உருவாக்குங்கள். அளவு 0.25, அதாவது உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே. அதை ஆடியோ சிடியாகவே பதியுங்கள், டேட்டா சிடியாக அல்ல. 400 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், பல சாதாரண மீட்டர்களின் ஏசி துல்லியம் அந்த அளவு வரைக்கும்தான் உறுதி. முழு அளவு அலையைப் போட வேண்டாம். இடைவிடாத ஒரே ஸ்வரம் காதையும் ஸ்பீக்கரையும் வதைக்கும்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் இடது ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பிளேயரை ஓடவிட்டு, மீட்டர் 1 வோல்ட் பக்கம் காட்டும் வரை வால்யூமை ஏற்றுங்கள். அதன் பிறகு வால்யூமைத் தொடக் கூடாது. ரிமோட்டில் இன்புட்டை மாற்றி இரண்டாவதை அளந்து எழுதுங்கள். வலது பக்கமும் அதே மாதிரி.

இலக்கு 0.1 டெசிபலுக்குள். ஒன்று 1.000 என்றால் மற்றது 0.989-க்கும் 1.011-க்கும் இடையே இருக்க வேண்டும். இந்தத் துல்லியம் காதால் வராது. "நானே வால்யூமைச் சரி பண்ணிட்டேன், ரெண்டும் ஒரே அளவுதான்" என்று சொன்ன யாருடைய சமனும் மீட்டரில் இந்த எல்லைக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

சத்தம் கூடிய பிளேயரைக் குறைப்பதற்குத்தான் அந்த ட்ரிம்பாட். பிளேயரிலிருந்து வரும் சிக்னல் ஒரு முனைக்கு, எர்த் மறு முனைக்கு, நடுக் காலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று பிளேயருக்கு இரண்டு வேண்டும். ஒரே அச்சில் இரண்டைச் சேர்த்த சாதாரண வால்யூம் கன்ட்ரோல் வேண்டாம். மலிவானவற்றில் இடதும் வலதும் ஒன்றாக நகராது, ஒரு பக்கத்தைச் சரி செய்தால் மறு பக்கம் பிசகும். மல்டி-டர்னில் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் மீட்டரின் கடைசி இலக்கங்கள் மெதுவாக நகரும், பிடிப்பது சுலபம். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

இன்னொரு நியாயம். இந்தப் பெட்டியை ஒரு பிளேயருக்கு மட்டும் போட்டால் "பெட்டிதான் ஒலியைக் கெடுத்தது" என்ற சந்தேகம் கடைசி வரை நிற்கும். இரண்டுக்கும் போட்டு, சத்தம் குறைந்ததற்கு மட்டும் ட்ரிம்பாட்டை முழுதாகத் திறந்து வையுங்கள். நான்கு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

8. டிஸ்க்குகள்

ஒரே டிஸ்க்கை எடுத்து எடுத்து மாற்றினால் இடையில் அரை நிமிடம் போய்விடும். ஒலியின் நுணுக்கத்தை மனம் சில நொடிகளுக்கு மேல் அப்படியே பிடித்து வைப்பதில்லை. அதனால் இரண்டு பிளேயரிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

சொந்த டிஸ்க்கைக் கணினியில் எடுத்து, இரண்டு சிடி-ஆரில் பதிந்துகொள்ளுங்கள். ஒன்றில் அசல், மற்றதில் நகல் என்று வைக்காதீர்கள். குறிப்பாக 80-களில் வந்த சில சிடிகள் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறையில் மேல் ஸ்வரங்களை உயர்த்திப் பதியப்பட்டவை. அசலில் அதைக் குறிக்கும் அடையாளம் இருக்கும், பிளேயர் தானே சரி செய்துகொள்ளும். நகலெடுக்கும்போது அந்த அடையாளம் விட்டுப்போனால் நகல் கூர்மையாக ஒலிக்கும். பிளேயரின் குணம் என்று அதை நம்பிவிடுவீர்கள். மிகப் பழைய பிளேயர் சிடி-ஆரைப் படிக்கவில்லையென்றால் ஒரே பதிப்பின் இரண்டு அசல்களைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். பாதிச் சோதனையில் இரண்டு டிஸ்க்கையும் இடம் மாற்றுங்கள்.

எந்தப் பாட்டு? முழுப் பாட்டு வேண்டாம், இருபது முப்பது நொடித் துண்டு போதும். நான் வைத்திருப்பவை ஐந்து. தம்பூரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் (வலது பக்கம்) மாறி மாறி விழும் இடம், வீணையில் ஒரு ஸ்வரத்தை இழுத்துவிட்டு அது தேயும் இடம், பெண் குரல் அதிகத் துணையில்லாமல் வரும் இடம், முப்பது நாற்பது வயலின்கள் சேரும் திரைப் பாடல் இடையிசை. நாதஸ்வரம், தவில் பதிவு நல்லதாகக் கிடைத்தால் அதையும் சேருங்கள். தவிலின் அடிக்கு ஒலி எழும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது. சத்தத்தை முழுக்க மேலே அமுக்கிப் பதிந்த இப்போதைய டிஸ்க்குகள் இதற்கு உதவாது, அவற்றில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

9. முதலில் பார்த்துக்கொண்டே கேளுங்கள்

மறைத்துக் கேட்பதற்கு முன் ஒரு மணி நேரம் திறந்தே கேட்க வேண்டும். எங்கே வித்தியாசம் இருக்கக்கூடும் என்று தேடும் நேரம் இது. இரண்டு பிளேயரையும் துண்டின் தொடக்கத்தில் தற்காலிகமாக நிறுத்தி (pause), ஒன்றாக ஓடவிட்டு, இன்புட்டை மாற்றிப் பாருங்கள். ஒன்று முந்தினால் அதை ஒரு கணம் நிறுத்தி எடுங்கள். ஓரிரு முயற்சியில் கை பழகிவிடும். இரண்டு பிளேயர்களின் கடிகாரமும் நூலளவு வேறுபடுவதால் நீண்ட நேரம் ஓடினால் மெல்ல விலகும், அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகச் சேருங்கள்.

"இது இனிமை, அது வறட்சி" என்று எழுதாதீர்கள். "தம்பூராவின் பஞ்சமம் இரண்டாவதில் நீண்டு கேட்கிறது, 0:14" என்று இடத்தோடு எழுதுங்கள். இடம் குறித்ததை மட்டும்தான் அடுத்த படியில் சோதிக்க முடியும்.

10. மறைத்துக் கேட்டல்

பிளேயர்கள் மீது துணி. உதவிக்கு வந்தவர் உங்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். முதல் தடவை என் அக்கா பையன் எதிரில் உட்கார்ந்து ரிமோட்டை வைத்திருந்தான். விலை கூடிய பிளேயர் ஓடும்போதெல்லாம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கே தெரியாமல் செய்ததுதான். பாதியில் கவனித்தேன். "மாமா, திரும்ப முதல்லேருந்தா?" என்று கேட்டான். ஆமாம், முதலிலிருந்துதான் செய்தோம்.

ஒவ்வொரு முறையும் முதலில் ஒன்றாம் பிளேயர், பிறகு இரண்டாம் பிளேயர் என்று சொல்லியே துண்டை ஒலிக்கவிட வேண்டும். மூன்றாவதாக, உதவியாளர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு என்று சொல்லாமல் ஒலிக்கவிடுவார். எது என்று நீங்கள் எழுதுங்கள், அவர் தன் தாளில் எழுதுவார். அவர் மனதுக்குத் தோன்றியபடி மாற்றக் கூடாது. மனிதர்கள் தாங்களாக மாற்றும்போது ஒரு தாளம் வந்துவிடும், கேட்பவர் அதைப் பிடித்துவிடுவார்.

ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். ஒரு பிளேயர் டிஸ்க்கைச் சுழற்றும் சத்தம் கேட்கிறதா? இன்புட் மாறும்போது ஆம்ப்ளிஃபயரின் ரிலே "டிக்" என்பது மாறினால் மட்டும் வருகிறதா? அப்படியானால் ஒவ்வொரு முறையும் மூன்றாவது இன்புட்டுக்குப் போய்விட்டுத் திரும்பச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் அதே டிக் வரும்.

பதினாறு முறை செய்யுங்கள். பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அந்த எண்ணிக்கை வருவதற்கு நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். பத்து முறை செய்து ஏழு சரி என்று மகிழ்பவர்கள் உண்டு. ஏழு என்பது ஊகத்திலேயே அடிக்கடி வரும். எட்டு முறை ஆனதும் எழுந்து, ஃபேனைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். களைத்த காது எல்லாவற்றையும் ஒன்றாகவே கேட்கும். பதினாறு முடியும் வரை விடையைப் பார்க்கக் கூடாது.

பன்னிரண்டுக்குக் கீழே வந்தால், அந்தத் துண்டில், அந்த அறையில், உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று மட்டும் எழுதுங்கள். வேறு துண்டில் தெரியலாம். இரண்டு மூன்று துண்டுகளிலும் இப்படியே வந்தால், ஒலிக்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

11. வித்தியாசம் கேட்டால், அது எங்கே இருக்கிறது?

இரண்டு பிளேயரின் டிஜிட்டல் அவுட்டையும், கோஆக்சியலோ ஆப்டிகலோ, ஒரே டாக்கின் இரண்டு இன்புட்டுக்குக் கொடுத்துப் பத்தாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். வித்தியாசம் மறைந்துவிட்டால் அது டாக்கிலும் அனலாக் பகுதியிலும் இருந்தது. பழைய பிளேயரை டிரான்ஸ்போர்ட்டாக வைத்துக்கொண்டு நல்ல டாக் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

மறையவில்லையா? டிஜிட்டல் அவுட்டைக் கணினியில் பதிந்து, டிஸ்க்கிலிருந்து எடுத்த கோப்போடு தொடக்கத்தைப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். மீதி முழு நிசப்தம் என்றால் எண்கள் அப்படியே வருகின்றன. மீதி இருந்தால் பிளேயர் எங்கோ தவறாகப் படிக்கிறது, அல்லது உள்ளே ஏதோ மாற்றுகிறது. இந்த ஒரு சோதனை பல மணி நேர வாதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

12. எஸ்ஏசிடி பார்ப்பவர்களுக்கு

ஹைப்ரிட் டிஸ்க்கில் சிடி அடுக்கும் எஸ்ஏசிடி அடுக்கும் இருக்கும். இரண்டையும் மாற்றிக் கேட்டு "எஸ்ஏசிடி எவ்வளவு மேல்" என்று சொல்வது புதியவர்கள் எல்லோரும் செய்வது. இரண்டு அடுக்குகளுக்கும் மாஸ்டரிங் (டிஸ்க்குக்கு அனுப்பும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) வேறாக இருக்கலாம், ஒலி அளவும் வேறாக இருக்கலாம். அப்போது நீங்கள் கேட்பது மாஸ்டரிங் செய்தவரின் கைவண்ணம், டிஸ்க்கின் வகை அல்ல.

2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட சோதனை நினைவில் இருக்கட்டும். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ டிஸ்க்குகளின் ஒலியை நேரடியாகவும், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி அளவுக்குச் சுருக்கியும் அளவைச் சமன் செய்து கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரி. ஏறத்தாழ பாதி.

இரண்டு பிளேயர்களை எஸ்ஏசிடி அடுக்கில் ஒப்பிட்டால், சமன் செய்ய வீட்டில் பதிந்த சைன் அலை உதவாது. அதே துண்டை இரண்டிலும் ஓடவிட்டு, கணினியின் லைன்-இன்னில் ஒரே அளவில் பதிந்து, ஆடாசிட்டியில் சராசரி அளவைப் பாருங்கள். கோஆக்சியல், ஆப்டிகல் வழியே எஸ்ஏசிடி அடுக்கு வெளியே வராது என்பதால் பதினோராவது படியும் இங்கே பொருந்தாது.

13. காது சொல்லாதவை

ஒலியில் சமம் என்று வந்துவிட்டால் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை இந்தப் படி சொல்லும். எனக்கு இதுதான் மறைத்துக் கேட்பதற்கு அடுத்தபடி முக்கியம்.

லேசாகக் கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றை இரண்டிலும் போடுங்கள். சிடியின் பிழை திருத்தும் முறை தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை விட்டுப்போனதை முழுதாக மீட்டெடுக்க வல்லது. நல்ல டிரான்ஸ்போர்ட் சிறு கீறலில் தடுமாறக் கூடாது. பிறகு 75 நிமிடத்துக்கு மேல் உள்ள டிஸ்க்கின் கடைசிப் பாட்டு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், டிஸ்க் வளைந்திருந்தாலோ மெக்கானிசம் தேய்ந்திருந்தாலோ ஓரத்தில்தான் முதலில் தெரியும். ட்ரேயைப் பத்து முறை திறந்து மூடுங்கள். பெல்ட் இளகியிருந்தால் ஏழாவது எட்டாவது முறையில் இழுக்கும்.

லேசர் பிக்கப் (டிஸ்க்கைப் படிக்கும் லேசர் பகுதி) எது, உதிரி கிடைக்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள். சான்யோ எஸ்எஃப்-பி101என், சோனி கேஎஸ்எஸ்-213 போன்றவை பல நிறுவனங்களின் பிளேயர்களில் போடப்பட்டவை, மாற்றுவது சுலபம். ஒரே மாடலுக்கென்று செய்த பிக்கப் என்றால் அது போனதும் பிளேயரும் போனது மாதிரி. நம் கடற்கரைக் காற்றில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

14. இரவல் பிளேயரைத் திருப்பிக் கொடுக்கும்போது

டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆஃப் செய்ய வேண்டும். உள்ளே டிஸ்க் இருந்தால் வழியில் கழன்று லென்ஸில் உரசும். அடியில் டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ (பயணத்தில் மெக்கானிசம் ஆடாமல் பிடிக்கும் ஸ்க்ரூ) உள்ள பிளேயர் என்றால் அதை முடுக்குங்கள். திருப்பி வாங்குபவரிடம் அதைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் மெக்கானிசம் நகராமல் மோட்டார் திணறும்.

அசல் அட்டைப் பெட்டி, தெர்மோகோலோடு, படுக்கைவாட்டில். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஆட்டோவில் போனால் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.